இரண்டு மணிக் கூட்டம்

அழகுமுத்து குடியை விட்ட கதையைக் கேட்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அவன் என்ன ஒரு தடவையா விட்டான்? மூன்று தடவை விட்டான். முதலில் ஐயப்பனுக்கு மாலை போட்டு விட்டான். பிறகு தலவாக்கலையில் யாரோ விற்ற பொடியை அவன் பெண்சாதி பேச்சியம்மா மீன் குழம்பில் கலந்து கொடுத்து விடவைத்தாள். மூன்றாவது தடவை மாரியம்மன் கோயில் சூலத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். மூன்று தடவையும் முறிந்த இடம் ஒன்றுதான், எங்கள் தோட்டத்து மயானம். யாராவது செத்துப்போவார்கள், இவன் குழி வெட்டப் போவான், திரும்பும்போது கூட வெட்டுகிற சடையன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு வருவோம்.

நானும் அந்தக் குழி வெட்டுகிற ஆள்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு 'நீ மட்டும் என்ன பெரிய யோக்கியனா' என்று என்னிடம் கேட்கக்கூடாது. அழகுமுத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் எனக்குப் பசிக்கும். அப்படி ஒரு சுவர்.

எங்கள் தேயிலைத் தோட்டம் திம்புள்ளப் பக்கம். அங்கே குழி வெட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. செத்தவர் வீட்டு மூத்த மகன் இடத்தைக் காட்டுவான். வெற்றிலை பாக்கு, கற்பூரம், ஒரு முழுப் போத்தல் சாராயம் எல்லாம் தலைமாட்டில் வைப்பான். முதல் வெட்டுக்காரன் போத்தலைத் திறந்து மூடியளவு மண்ணுக்கு ஊற்றி, தானும் ஒரு வாய் குடித்துவிட்டு மம்பட்டியைப் போடவேண்டும். அந்த முதல் வெட்டு அழகுமுத்து வீட்டு உரிமை. அவன் அப்பன் வெட்டினான், அதற்கு முன்னால் அவன் தாத்தன் வெட்டினான். இன்னொரு சட்டமும் உண்டு. வெட்டிய குழி வாயைத் திறந்துகொண்டு தனியாகக் கிடக்கக்கூடாது. முதல் வெட்டு வெட்டியவனோ அவன் வீட்டு ஆளோ பிரேதம் இறங்கும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் குழி இன்னொரு ஆளைக் கேட்கும் என்பார்கள். கேட்குமோ கேட்காதோ, விட்டுப் பார்க்க எங்களில் எவனுக்கும் தைரியம் இல்லை.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்ற அழகுமுத்து அப்படியே உட்கார்ந்து இரத்தமாக வாந்தி எடுத்தான். தோட்டத்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு கிழமை வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர் பேச்சியம்மாவைக் கூப்பிட்டு, ஈரல் பாதி கெட்டுப்போயிருக்கிறது, இனி இவர் குடித்தால் எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. தனியாக இருந்து குடியை விடுவது கஷ்டம், விட்ட ஆட்கள் கிழமைக்கு ஒரு நாள் ஹட்டனில் கூடுகிறார்கள், அங்கே போங்கள் என்று ஒரு துண்டில் இடத்தையும் ஒரு போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். ஞாயிறு, இரண்டு மணி.

லயத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. "குடிகாரனுக்கு கூட்டமா? அது தெனமும் சாராயத் தவறணையில கூடுதே!" என்றான் சடையன். நானும் சிரித்தேன். பேச்சியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை. "சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க. ஞாயித்துக்கெழம நாங்க போறோம்" என்றாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி மாதிரிப் பேச்சு அவளுக்கு, வெட்டினால் ஒரே வெட்டு.

போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படி ஏறி, துண்டில் எழுதியிருந்த மண்டபத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வாசலில் ஒரு மிஸ் சிரித்த முகமாக நின்று கையெழுத்துத் தாளை நீட்டினாளாம். நம் ஆட்களுக்குத்தான் தெரியுமே, யாராவது தாளை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம். சங்கம் கூப்பிட்டாலும் அப்படித்தான், கோயில் கமிட்டி கூப்பிட்டாலும் அப்படித்தான். என்ன கூட்டம் என்று வாசலிலேயே கேட்பது மரியாதை இல்லை என்று ஒரு நினைப்பு. இவர்களும் உட்கார்ந்தார்கள். தின்னப் பணிசும் குடிக்கத் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அழகுமுத்து கையில் இரண்டு பாக்கெட் போஞ்சி விதை இருந்தது.

"வீட்டுத்தோட்டம் போடுற வகுப்பாம் அண்ணே!" என்று பேச்சியம்மா வாசலில் நின்று சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அந்தக் குடிய விட்டவங்க ரெண்டு மாசத்துக்கு முன்னமே வேற எடத்துக்கு போயிட்டாங்களாம். எல்லாம் முடிஞ்ச பெறகுதான் கேட்டோம்."

"ஒனக்கு ஒறைக்கலியாடா?" என்று அழகுமுத்துவைக் கேட்டேன்.

"மொதல்ல களைய வேரோட புடுங்கணும்னு சொன்னாங்க அண்ணே. நான் நம்மளத்தான் சொல்றாங்கன்னு நெனச்சு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன்."

அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! சுவருக்கு இந்தப் பக்கத்து ஆளான எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் சிரித்து முடித்த கையோடு போனை எடுத்தாள். மகள் தனுஜா கொழும்பில் துணி தைக்கிற கார்மண்டில் வேலை, சிங்களம் தண்ணி மாதிரிப் பேசுவாள். துண்டிலிருந்த நம்பரை அவளுக்குச் சொன்னார்கள். மறுநாளே விஷயம் வந்துவிட்டது. கூட்டம் இப்போது ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரு தையல் கடை மாடியில். நீலக் கதவு. ஞாயிறு கடை பூட்டியிருப்பதால் இரண்டேகாலுக்கு உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். நேரத்தோடு போகவேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க மழை. அழகுமுத்து கவ்வாத்து மலைக்குப் போனான், வந்தான், தேயிலைச் சாயத்தண்ணி குடித்தான், கை நடுங்கினால் விறகு பிளந்தான். எங்கள் வீட்டு விறகையும் அவன்தான் பிளந்தான். ஞாயிறு வந்தால் குடியை விட்டு இருபத்திரண்டு நாள். சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு வீரய்யா செத்துப்போனார்.

நல்ல மனுஷன். எழுபத்தெட்டு வயது, ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நெஞ்சுச்சளி. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு வீரய்யாவைப் பற்றி இல்லை, பக்கத்து வீட்டைப் பற்றித்தான். கடவுளே, இப்போதுதானா என்று நினைத்தேன்.  மறுநாள் விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"போகாதீங்க. சடையன் அண்ணன் இருக்காரு, பக்கத்து வீட்டு அண்ணன் இருக்காரு. அவங்க வெட்டிக்குவாங்க."

"எங்கம்மா செத்தப்ப மூணு நாளு நம்ம வீட்டுக்கு சோறு கொண்டாந்தது வீரய்யா மாமா புள்ள. அவருக்கு குழி வெட்டலன்னா நான் என்னா மனுசன்?"

"வெட்டப் போனா குடிப்பீங்க."

"குடிக்க மாட்டேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

அடுப்பில் விறகு தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னான், "போன தடவயும் நான் பொய் சொல்லல புள்ள. நெசமாத்தான் சொன்னேன். அதுதான் எனக்கும் பயமா இருக்கு."

பேச்சியம்மா பிளாஸ்க்கில் இஞ்சி தட்டிப் போட்டுச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "பன்னெண்டரை பஸ்ஸு. நான் ஒங்க சட்டைய எடுத்துக்கிட்டு மயானத்து வேலிக்கிட்ட வந்து நிக்கிறேன். அங்கருந்து ரெண்டு பேருமா போறோம்" என்றாள்.

எட்டு மணிக்கு மயானத்தில் நின்றோம். மயானம் ரோட்டுக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவில், தேயிலை முடிகிற இடத்தில் இருக்கிறது. மூடுபனியில் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. வீரய்யாவின் மகன் மதுரன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறவன். விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். அழுது வீங்கிய முகம். இடத்தைக் காட்டினான், வெற்றிலை வைத்தான், கற்பூரம் ஏற்றினான், போத்தலை வைத்தான். மலிவுச் சரக்கு இல்லை, நல்ல சாராயம்.

அழகுமுத்து போத்தலைத் திறந்தான். மூடியில் அளந்தான். மண்ணுக்கு ஊற்றினான். வாசனை எழும்பியது.  பிறகு போத்தலை மூடி, கல்லின்மேல் வைத்துவிட்டுப் பிளாஸ்க்கை எடுத்தான்.

"என்னா மாமா அது?" என்றான் மதுரன்.

"சாயத்தண்ணி தம்பி. மண்ணுக்கு உள்ளத மண்ணுக்கு ஊத்திட்டேன். நான் குடிக்கல."

"ஊர்ல உள்ள எல்லாருக்கும் குடிச்சீங்க. எங்கப்பாவுக்கு மட்டும் புதுச்சட்டமா?"

"அப்படி இல்லடா. மாமா மேல எனக்கு மரியாத இல்லியா? குடிச்சா அடுத்த குழி எனக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாமா இருந்தா அவரே வேணாம்னுதான் சொல்லுவாரு."

மதுரன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அழகுமுத்து ஒரு மிடறு சாயத்தண்ணியைக் குடித்து, மம்பட்டியை ஓங்கி முதல் வெட்டைப் போட்டான்.

சடையனும் நானும் போத்தலைப் பார்த்தோம். குடித்தோம். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? மழை, குளிர், சாவு வீடு, ஆயிரம் காரணம் சொல்லலாம். குடிகாரனுக்குக் காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். சடையன் மூன்றாவது வாய்க்குப் பிறகு நல்ல மனசோடுதான் நீட்டினான். "ஒரு வாய் போடுடா அழகு. ஒடம்பு எப்படி நடுங்குது பாரு. மருந்து மாதிரி ஒரு வாய்."

அழகுமுத்து குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, அதை அந்த மரத்துக்குப் பின்னால கொண்டுபோய் வைங்க. கண்ணுல படாம வைங்க. கும்புடுறேன்."

அவன் கும்பிடுகிறேன் என்று சொன்னதும் எனக்கு வாய்க்குள் இருந்தது கசந்தது. போத்தலை நானே எடுத்துக்கொண்டுபோய் மரத்துக்குப் பின்னால் வைத்தேன். திரும்பி வரும்போது இன்னும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று அடியில் பாறை வந்தது. எங்கள் மயானத்தில் இது வழக்கம்தான், ஆனால் அன்றைக்கா வரவேண்டும்! மம்பட்டி டங்கென்று தெறித்தது. சடையனுக்கு அலவாங்குக் கம்பி பிடிக்க நிதானம் இல்லை. எனக்கு இடுப்பு இல்லை. அழகுமுத்துதான் அலவாங்கைப் போட்டுப் போட்டு நெம்பினான். பத்து மணி, பதினொரு மணி, நேரம் ஓடியது. வேர்வையா மழையா என்று தெரியாமல் அவன் முதுகில் வழிந்தது. ஈரல் கெட்ட மனுஷன், இருபத்திரண்டு நாளாக ரொட்டியும் சம்பலும் தின்ற உடம்பு. பாறையைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினான். "வாடீ, வெளிய வா! இன்னைக்கு ஒன்னையும் விட மாட்டேன்!" பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் அது பெயர்ந்தது. மூன்று பேருமாக உருட்டி மேலே ஏற்றினோம்.

அவன் குழியை விட்டு ஏறி, மம்பட்டியைத் துடைத்து வைத்தான். "அண்ணே, குழி சரியா இருக்கு. நான் போறேன்" என்றான்.

"எங்க போற?" என்றான் சடையன். குடித்த நாக்கு தடித்திருந்தது. "மொத வெட்டு வெட்டுனவன் போறதா? பிரேதம் இன்னும் ஊட்ட விட்டு எடுக்கல!"

அந்த நேரம் பார்த்து மதுரன் மேலே ஏறி வந்தான், மூன்று மணிக்குத்தான் எடுப்போம் என்று சொல்வதற்கு. விஷயத்தைக் கேட்டதும் வெடித்துவிட்டான்.

"காலையில குடிக்க மாட்டேன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப எங்கப்பா குழிய தனியா போட்டுட்டு ஹட்டனுக்கு சவாரியா? அடுத்த ஞாயிறு போக ஏலாதா?"

"எனக்கு அடுத்த ஞாயிறு இல்ல தம்பி." அழகுமுத்துவின் குரல் உடைந்தது. "ஒனக்கு எப்படி சொல்றது? பிரேதம் வரும், தப்பு அடிப்பாங்க, எல்லாரும் அழுவாங்க, ஆளாளுக்கு போத்தல நீட்டுவாங்க. அந்த மரத்துக்கு பின்னால என்னா இருக்குன்னு எனக்கு தெரியும். காலையிலருந்து அது என்னைய கூப்புட்டுக்கிட்டே இருக்கு. மூணு மணி வரைக்கும் இங்க நின்னா நான் குடிச்சிருவேன். சத்தியமா குடிச்சிருவேன்."

"அப்ப குழிக்கு யாரு நிக்கிறது?"

"நான் நிக்கிறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பேச்சியம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவள் உள்ளே வந்திருந்தாள். ஒரு கையில் சட்டை வைத்த பை, ஒரு கையில் குடை. ஹட்டனுக்குப் போவதற்காக நல்ல சேலை கட்டித் தலை சீவியிருந்தாள். எங்கள் தோட்டத்தில் பொம்பளை மயானத்துக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. பிரேதம் லயத்தை விட்டுப் போனதும் அவர்கள் முச்சந்தியோடு நின்றுவிடுவார்கள்.

"பொம்பள இங்க வரக்கூடாது தங்கச்சி. போ, போ!" என்றான் சடையன்.

"வந்துட்டேனே அண்ணே. சட்டம் என்னா? மொத வெட்டு வெட்டுனவங்க நிக்கணும், இல்லாட்டி அவங்க வீட்டு ஆளு நிக்கணும். அப்படித்தானே?"

"ஆமா."

"நான் யாரு வீட்டு ஆளு?"

சடையன் என்னைப் பார்த்தான். நான் சவுக்கு மரத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷமாக அவள் யார் வீட்டு ஆள் என்பது எங்கள் லயத்துக்கே தெரியும். இவன் விழுந்த இடத்திலெல்லாம் வந்து தூக்கியவள் அவள்தானே.

 அழகுமுத்துதான் தவித்தான்.

"நீ இல்லாம நான் எப்படி புள்ள? பஸ்ஸ விட்டு எறங்குனா எதுத்தாப்புல தவறணை."

"தெரியும்."

"நீ கூட வந்தா கையப் புடிச்சு கூட்டிக்கிட்டு போவ."

"ஒருத்தர் நிக்கணும், ஒருத்தர் போகணும். நீங்க நின்னா என்னா ஆகும்?"

"குடிப்பேன்."

"அப்ப போங்க." சட்டையையும் குடையையும் அவன் கையில் திணித்தாள். "நீலக் கதவு. ரெண்டேகாலுக்கு பூட்டிருவாங்க. இந்த தடவ வாசல்லயே என்னா கூட்டம்னு கேளுங்க. நின்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க, ஓடுங்க!"

அவன் ஓடினான். சேற்றுக் காலோடு, சட்டையை மாட்டிக்கொண்டே, தேயிலை நிரைகளுக்கு நடுவில் சறுக்கிச் சறுக்கி ஓடினான். வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஏறினானா, விட்டானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் பேச்சியம்மா இடுப்பில் இருந்தது.

மதுரன் இறங்கிப் போய்விட்டான். சடையன் மரத்துக்குப் பின்னால் போய்விட்டான். நான் ஓர் உரச்சாக்கை முக்காடு மாதிரி மடித்துக் கொங்காணி போட்டு அவளிடம் நீட்டினேன். தலையில் போட்டுக்கொண்டு குழியின் தலைமாட்டில் நின்றாள். உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள். காற்று சவுக்கைப் பிடித்து உலுக்கியது.

"பயமா இல்லியாம்மா?"

"பயமாத்தான் இருக்கு அண்ணே. குழிக்கு இல்ல. மணி என்னா?"

"ஒண்ணரை."

"இப்ப பஸ்ஸ விட்டு எறங்கியிருப்பாரு." கொஞ்ச நேரம் கழித்து, "தவறணைய தாண்டித்தான் ரயில் நிலையத்துப் பக்கம் போகணும், இல்லியா?"

"ஆமா, தாண்டித்தான் போகணும்."

"கல்யாணமான புதுசுல ஒரு நாளு என்னைய ஹட்டனுக்கு படம் பாக்க கூட்டிக்கிட்டு போனாரு. அப்பயும் அந்த வழியாத்தான். அன்னைக்கு தவறணைய திரும்பிக்கூட பாக்கல. அப்படி ஒரு மனுசன் அவருக்குள்ள இருந்தாரு அண்ணே. எங்க போனாருன்னுதான் தெரியல." அவள் அழுதாள். சாக்கு நுனியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு வெகுநேரம் கழித்துத்தான் கேட்டாள், "மணி என்னா?"

இரண்டேகால் என்றேன். அதற்குப் பிறகு அவள் மணி கேட்கவில்லை.

மூன்றே முக்காலுக்குத் தப்புச் சத்தத்தோடு பிரேதம் வந்தது. முன்னால் வந்த ஆட்கள் பேச்சியம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றார்கள். தப்பு நின்றது. எங்கிருந்தோ ஒரு கிழவன், "இது என்னா அநியாயம்! பொம்பளய யாரு உள்ள விட்டா? தோட்டத்துக்கே ஆகாது!" என்று கத்தினான். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் சட்டம் பேசுவதற்கு எங்கள் தோட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கள்ளத்தனமாகக் கசிப்புக் காய்ச்சி விற்கிறவனை ஒரு நாள் கேட்டிருப்பார்களா இவர்கள்?

அவள் அசையவில்லை. நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றாள். "பிரேதத்த எறக்குனதும் நான் போயிடுறேன். மழை பெலக்குது, எறக்குங்க" என்றாள். மதுரன் முன்னால் வந்து அவளைப் பார்த்தான். குழியைப் பார்த்தான்.

"எங்கப்பா குழி தனியா கெடக்கல. எனக்கு அது போதும். எறக்குங்க!" என்றான்.

இறக்கினார்கள். எல்லோரும் மண் போட்டோம். கடைசியில் அவளும் ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

மயானம் போனவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் போகமுடியாது. ரோட்டோரத்துத் தண்ணிப் பீலியில் ஆண்கள் குளித்துவிட்டுப் போனபிறகு அவள் குளித்தாள். நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஐந்தரை பஸ் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், அவன் இல்லை. ஈரச் சேலையோடு வந்து நின்றவள் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் முடிய நேரமாயிருக்கும்மா" என்றேன்.

"ஒரு மணி நேரம்தான் கூட்டம்னு தனுஜா சொல்லிச்சு அண்ணே" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஆறேகால் பஸ் வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்தது. கதவுப் பக்கம் குடை தெரிந்தது. அழகுமுத்து இறங்கினான். பஸ் போனதும் ரோட்டைக் கடந்து வந்தான். நேராக நடந்து வந்தான். நாற்பத்து மூன்று வயது ஆள் ரோட்டை நேராகக் கடந்து வருவதைப் பார்த்து ஒரு பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டு அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அழுவாத புள்ள. போயிட்டேன். உள்ளயே போயிட்டேன்."

"கதவு?"

"பூட்டிட்டாங்க. பஸ்ஸு கொட்டகலையில நின்னு நின்னு, நான் போக ரெண்டரை. தட்டுனேன், கேக்கல. மழை சத்தம். எதுத்தாப்புல இன்னொரு சாராயக் கடை. ரெண்டு தடவ ரோட்டுக்கு எறங்கிட்டேன் புள்ள, ஒனக்கு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு தடவயும் நீ குழிக்கிட்ட நிக்கிறியேன்னு திரும்பி ஏறிட்டேன். அப்பறம் கைய மடக்கி குத்துனேன் கதவ. ஒரு முஸ்லிம் கடைக்கார நானா எறங்கி வந்து தொறந்தாரு. எவ்வளவு நேரமா நிக்கிறீங்கன்னு கேட்டாரு. இருபத்திரெண்டு நாளா நிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"அடக் கடவுளே! அதுக்கு அவரு?"

"சிரிக்கல. கையப் புடிச்சு மேல கூட்டிக்கிட்டு போயிட்டாரு. சிங்கள ஆளுக இருந்தாங்க, நம்ம ஆளுகளும் இருந்தாங்க. நான் பூரா சேறு. கதிரையில உக்கார வெக்கமா இருந்துச்சு. ஏன் சேறுன்னு கேட்டாங்க, குழி வெட்டிட்டு வாரேன்னேன். எங்க ஊட்டுக்காரி குழிக்கு காவல் நிக்கிதுன்னேன். அந்த நானா அத சிங்களத்துல சொன்னாரு. அம்புட்டுதான், எனக்கு அழுக வந்துருச்சு. அங்க யாருமே அழாதன்னு சொல்லல." மூச்சு வாங்கினான். "கூட்டம் முடிஞ்சு எல்லாரும் பேசிக்கிட்டு இருந்துட்டோம், பஸ்ஸ விட்டுட்டேன். அடுத்த ஞாயிறு நான் வெள்ளன போகணும். சாவி எனக்குத்தான்."

"என்னா சாவி?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "புதுசா வந்த ஆளுதான் தேத்தண்ணி போடணுமாம். கேத்தல், கோப்பை எல்லாம் அங்கேயே இருக்கு. எங்கிட்ட குடுத்துட்டாங்க புள்ள. என்னைய நம்பி ஒரு கதவு சாவிய குடுத்துட்டாங்க."

அவள் சாவியைத் தொட்டுப் பார்த்தாள், எடுத்துக்கொள்ளவில்லை. ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே, "எத்தன பேருக்கு போடணும்?" என்றாள்.

அவன் விரல் மடக்கினான். "அந்த நானா, வயசான சிங்கள மாத்தியா, கொட்டகலை ஆளு ரெண்டு பேரு..." முணுமுணுத்துக் கணக்குப் பார்த்து, "பதினோரு பேரு. பதினோரு கோப்பை" என்றான்.

"அதுல நீங்க இருக்கீங்களா?"

அவன் விழித்தான். "இல்ல. அங்க இருந்தவங்களத்தான் எண்ணுனேன்."

"நீங்களும் அங்கதானே இருந்தீங்க? ஒங்களையும் சேத்து எண்ணுங்க."

அழகுமுத்து மடக்கிய விரல்களையெல்லாம் விரித்தான். சேறு காய்ந்த கட்டைவிரலைத் தன் நெஞ்சில் வைத்து, ஒன்று என்று முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.